இருமல் நோட்டு

மாலை நாலே கால் மணி, பதினோரு இருமல், மாதேவன்.

அந்த நோட்டின் முதல் வரி இதுதான். மாதேவன் நான்தான். உட்காருங்கள். டோக்கன் எத்தனை? இருபத்தாறா? உள்ளே இப்போதுதான் பதிமூன்று போயிருக்கிறது. டாக்டரம்மா அவசரப்பட மாட்டார்கள். நடந்து வந்த உடனே பிரஷர் பார்க்கவும் மாட்டார்கள், ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரச் சொல்வார்கள். நான் பேசாமல் உட்கார்ந்ததில்லை, அதனால் எனக்குப் பத்து நிமிஷம்.

உங்கள் கையில் இருக்கும் சீட்டைப் பார்த்தேன். பிரஷருக்குப் புதிதாகத் தொடங்கியிருக்கிறீர்கள். எத்தனை நாள்? மூன்று வாரமா? இருமல் உண்டா? இல்லையா, சந்தோஷம். எல்லாருக்கும் வருவதில்லை. எனக்கு எழுதிய மாத்திரையின் பெயரைச் சொல்ல மாட்டேன், உங்களுக்கும் அதுவாக இருந்தால் பயந்து நிறுத்திவிடுவீர்கள். அப்புறம் டாக்டரம்மா என்னைத்தான் திட்டுவார்கள். ஏற்கெனவே திட்டிய திட்டே இன்னும் தீரவில்லை.

எனக்கு அந்த மாத்திரையால் மானம் போனது. உயிர் போகப் பார்த்தது வேறு கதை. இல்லை, அதுவும் இதே கதைதான்.

நான் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவன். ஜனவரி ஆறாம் தேதி இதே அறையில் பார்த்தபோது எனக்கு நூற்றெழுபதுக்கு நூறு. "டாக்டர், இருநூற்று முப்பது வரைக்கும் நார்மல்தானே" என்றேன். அவர்கள் சிரிக்கவில்லை. மாத்திரை எழுதிக்கொடுத்து நாலு விஷயம் சொன்னார்கள். தினமும் காலையில் ஒன்று. ஒரே நேரத்தில். உடம்பு சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக்கூடாது. நாலாவதைச் சொல்லும்போது வெளியே என் ஸ்கூட்டரை யாரோ நகர்த்துகிற சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். வேறு யாருடையதோ ஸ்கூட்டர். திரும்பி வருவதற்குள் நாலாவது முடிந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து இருமல் தொடங்கியது. சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது. தொண்டையில் கோழி இறகை வைத்து யாரோ தடவுகிற மாதிரி. பக்கத்து வீட்டில் ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைக்கூடம் இருக்கிறது. அதுதான் காரணம் என்று போய்ச் சண்டை போட்டேன். அரை மணி நேரச் சண்டை. கடைசியில்தான் அவர் சொன்னார், கூடத்தில் தீ மூட்டி இரண்டு மாதம் ஆகிறதாம். முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

என் மனைவி பகவதி சுக்கு, மிளகு, கருப்பட்டி எல்லாம் போட்டுக் கொடுத்தாள். "ஏங்க, டாக்டரம்மாட்ட ஒரு வார்த்த கேட்டா என்னவாம்?" என்றாள். அவர்கள் பிரஷருக்குப் பார்க்கிற டாக்டர், இருமல் வேறு டிபார்ட்மெண்ட் என்றேன். மருந்துக்கடையில் போய் இருமல் மருந்து கேட்டேன். கடைக்காரர், "பிரஷர் உண்டா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் இல்லை. மாத்திரை போட்டதில் பிரஷர்தான் போய்விட்டதே! இரண்டு மூடி குடித்தேன். நெஞ்சுக்குள் தண்ணீர் மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு படபடப்பு. அந்தப் பாட்டிலை ஏசுவடியான்தான் வாங்கித் தூர வைத்தார்.

ஏசுவடியான் என் கூட்டாளி. தபால் ஆபீசில் இருந்தவர். எங்கள் ஊரில் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு மனமகிழ் மன்றம் உண்டு. சாயங்காலம் நாலிலிருந்து ஆறரை வரை இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம் ஆடுவோம். உங்களுக்குத் தெரியுமா? தெரியாதா? சுருக்கமாகச் சொல்கிறேன். நாலு பேர். எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளி. ஜாக்கிதான் பெரிய சீட்டு, அடுத்தது ஒன்பது. கையில் நல்ல சீட்டு இருந்தால் ஏலம் ஏற்றலாம். ஏலம் எடுத்தவர் இஸ்பேட்டோ ஆர்ட்டினோ ஒன்றைத் துருப்பாக்கி, அந்தச் சீட்டைக் கவிழ்த்து வைப்பார். நேரத்துக்கு முன்னால் அது மலர்ந்தால், அதாவது முகம் தெரிந்துவிட்டால், ஆட்டம் செல்லாது. கூட்டாளியின் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஏலம் கேட்க வேண்டும், அதுதான் ஆட்டமே. பேசக்கூடாது, கண்ணடிக்கக்கூடாது, காலை மிதிக்கக்கூடாது.

தோற்ற ஜோடிக்குக் குணுக்கு. அதாவது காதில் ஏதாவது தொங்க வேண்டும். அந்தக் காலத்தில் பலா இலை, இப்போது துணி காயப்போடுகிற கிளிப். அடுத்த ஆட்டம் ஜெயிக்கிற வரை கழற்றக்கூடாது.

ஒன்பது வருஷம் அந்தக் கிளிப் எங்கள் காதில்தான் இருந்தது. மறைப்பானேன். ஆனால் பிப்ரவரி மாதம் நாங்கள் ஜெயிக்கத் தொடங்கினோம். தொடர்ந்து ஜெயித்தோம். அனுபவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஒன்பது வருஷ உழைப்புக்குப் பலன் ஒருநாள் வரத்தானே வேண்டும்? வந்தது.

அது ஞானசிகாமணி சாருக்குப் பொறுக்கவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதிர் ஜோடி. ஜன்னலோரம் அவருடைய நாற்காலி. அவரிடம் படித்தவர்கள் ரோட்டில் போகும்போது நின்று, "சார், வணக்கம்" என்பார்கள். சார் காதில் மஞ்சள் கிளிப்போடு பதில் வணக்கம் சொல்ல வேண்டும். ஒரு முன்னாள் மாணவர், தாசில்தாராக இருக்கிறவர், காரை நிறுத்தி இறங்கியே வந்துவிட்டார். "சாருக்குக் காதில ஏதும் வைத்தியமா?" என்று விசாரித்தார்.

மறுநாள் சார் ஒரு நோட்டு வாங்கினார். நான் இருமுவதை எழுதத் தொடங்கினார்.

சிரிக்காதீர்கள். தேதி, மணி, எத்தனை இருமல், ஆட்டம் முடிந்த பிறகு தெரியவந்த என் கைச்சீட்டு, எல்லாம் நாலு கட்டம் போட்டு. முப்பது வருஷம் வருகைப்பதிவேடு எழுதிய கை. மார்ச் முப்பதாம் தேதி நிர்வாகக் குழுவைக் கூட்டி அதை வாசித்தார். செயலாளர் கோலப்பன். அவர் யார் தெரியுமா? ஞானசிகாமணி சாரின் கூட்டாளி. அவர் காதிலும் கிளிப். கிளிப்போடு உட்கார்ந்துதான் என்னை விசாரித்தார். நியாயம் கிடைக்குமா?

"பிப்ரவரி பத்தொன்பது. ஒரு இருமல். மிஸ்டர் மாதேவன் கையில இஸ்பேட் ஜாக்கி. உடனே மிஸ்டர் ஏசுவடியான் ஏலத்தப் பதினெட்டுக்கு ஏத்துறாரு. பிப்ரவரி இருபத்தொண்ணு. ரெண்டு இருமல், ஒரு கனைப்பு. கையில ரெண்டு ஜாக்கி, ஒரு ஒம்போது. மிஸ்டர் ஏசுவடியான் இருபது."

"கனைப்பையும் எழுதியிருக்கேரே சாரே!" என்றார் ஏசுவடியான். "அது ஒம்போதுக்குன்னு உமக்கு எப்படித் தெரியும்?"

"உமக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் சார்.

ஏசுவடியான் சீட்டுக்கட்டை எடுத்துக் கலைக்கத் தொடங்கினார். நாகரிகமான மனிதர். நான்தான் எழுந்து விளக்கினேன். ஜாக்கி வந்தால் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். சந்தோஷம் வந்தால் மூச்சு கொஞ்சம் வேகமாகும். வேகமானால் தொண்டை அரிக்கும். அரித்தால் இருமுவேன். இதில் களவு எங்கே இருக்கிறது? ஏசுவடியான் அதைக் கேட்டிருப்பார். காது இருந்தால் கேட்கத்தான் செய்யும். கேட்டது குற்றமா? நீங்களே சொல்லுங்கள். நான் இவ்வளவையும் திறந்த மனதோடு சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தீர்ப்பு இது. சித்திரை விஷு அன்றைக்கு எங்கள் இரண்டு ஜோடிக்கும் மன்றக் கோப்பை ஃபைனல். அதில் ஒரே ஒரு இருமல் வந்தாலும் ஆட்டம் ரத்து, மாதேவனின் பெயர் மன்றத்திலிருந்து நீக்கம்.

எனக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று உங்களுக்குத் தெரியாது. நாலு மணியிலிருந்து ஆறரை வரை என் வீட்டில் சீரியல். மொத்தம் ஐந்து. டி.வி.க்கும் பகவதிக்கும் நடுவில் நான் நடந்து போனால்கூட, "அந்தப் பக்கமாப் போனா என்ன?" என்பாள். மன்றத்தை விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது. மாட்டுத்தொழுவம் இருந்த காலமாக இருந்தாலும் அங்கே போய் உட்காரலாம்.

அன்றைக்கு மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிற தாளை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. ஏழாவது மடிப்பில் இருந்தது: வறட்டு இருமல் வரலாம். எனக்கு எப்படி இருந்திருக்கும்! பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, புகைக்கூடம் எப்படியும் கெடுதல்தான்.

லைனில் கோளாறு என்றால் முதலில் சப்ளையை நிறுத்த வேண்டும். முப்பத்து நாலு வருஷம் அதைத்தான் செய்தேன். ஏப்ரல் நாலாம் தேதி மாத்திரையை நிறுத்தினேன். பகவதி அட்டையைப் பார்ப்பாள் என்பதால் தினமும் ஒன்றைப் பிதுக்கி எடுத்துக் குரோட்டன்ஸ் தொட்டியில் புதைத்தேன். செடிக்கு இருமல் வரவில்லை.

மூன்றாம் நாள் பின்மண்டையில் டிரான்ஸ்பார்மர் மாதிரி ஓர் உறுமல். டாக்டரம்மாவிடம் போயிருக்கலாமே என்பீர்கள். அவர்கள் பார்ப்பது சாயங்காலம். சாயங்காலம் எனக்கு ஆட்டம். இரண்டும் ஒரே நேரத்தில் வைத்தால் ஒரு மனிதன் என்ன செய்வான்?

ஏசுவடியானிடம் சொன்னேன். அவருக்கும் பிரஷர் உண்டு, இருமல் கிடையாது. சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார்.

"இந்தாரும் ஓய். இதைப் போடும். இருமலே வராது."

"இதுல வேற ஒண்ணும் கோளாறு இல்லியே?"

"அடிக்கடி ஒண்ணுக்குப் போவும், அவ்வளவுதான். எனக்குக் கால் வீக்கத்துக்கும் சேத்துத் தந்ததாக்கும்." கொஞ்சம் யோசித்தார். "கழிப்பறை எங்க இருக்கு? ஞானசிகாமணி சாருக்குப் பின்னாலதானே? அப்ப ரொம்ப நல்லது. போட்டுக்கிடும்."

என்ன அக்கறை பாருங்கள். எனக்குக் கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டுமே என்று யோசித்திருக்கிறார்.

ஒரு வாரம் போட்டேன். இருமல் நாளுக்கு நாள் குறைந்து, விஷுவுக்கு இரண்டு நாள் முன்னால் நின்றே போனது. ஏசுவடியான் மாத்திரையின் மகிமை என்று நினைத்தேன். ஃபைனல் அன்று, முக்கியமான நாள் ஆயிற்றே என்று இரண்டாகப் போட்டேன். அதோடு இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். நடு ஆட்டத்தில் அடிக்கடி எழுந்து போகக்கூடாதல்லவா? அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. ஏப்ரல் பதினாலு. வெயில் தெரியுமல்லவா? தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிற வெயில்.

நாலு மணிக்கு ஆட்டம். ஒரு இருமல் இல்லை. சார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம். நாலே காலுக்கு எழுந்து கழிப்பறைக்குப் போனேன். நாலரைக்குப் போனேன். நாலு ஐம்பதுக்குப் போனேன். போகும்போதும் வரும்போதும் சாரின் சீட்டு கண்ணில் படத்தான் செய்யும். கட்டடம் அப்படிக் கட்டியிருக்கிறார்கள், நான் கட்டவில்லை. வந்து உட்காரும்போது ஏசுவடியான், "என்ன ஓய், சௌகரியமா?" என்று கேட்பார். "ஒண்ணும் இல்லை" என்றோ, "ரெண்டு" என்றோ நான் பதில் சொல்வேன். எத்தனையாவது தடவை என்று கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். கணக்கு அவ்வப்போது தப்பியது, அது வேறு.

சார் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, தலைப்பு எழுதி, அடிக்கோடும் போட்டார். என்ன தலைப்பு என்று பெண்கள் உட்கார்ந்திருக்கிற இந்த இடத்தில் சொல்ல மாட்டேன்.

கடைசி ஆட்டம். ஏலம் என்னுடையது. துருப்பைக் கவிழ்த்து முன்னால் வைத்திருந்தேன். இன்னும் மூன்று பிடி பிடித்தால் கோப்பை. ஆறாவது தடவையாக எழுந்தேன். சட்டென்று எழுந்தேன். முதலில் ஜன்னல் கறுத்தது, அப்புறம் சார் கறுத்தார். மேஜை மேலேயே விழுந்துவிட்டேன். சீட்டெல்லாம் பறந்தது. என் காதில் கடைசியாக விழுந்தது ஞானசிகாமணி சாரின் குரல்.

"துருப்பு மலந்திட்டு! துருப்பு மலந்திட்டு! ஆட்டம் செல்லாது!"

அதற்கப்புறம்தான் தண்ணீர் கேட்டார்களாம்.

ஏசுவடியான் ஆட்டோவில் ஏற்றி இங்கேதான் கொண்டுவந்தார். ஞானசிகாமணி சாரும் ஏறிக்கொண்டார். ஆட்டம் ரத்து என்பதற்கு என் கையெழுத்து வேண்டுமாம். உள்ளே போனதும் டாக்டரம்மா எழுந்து நின்றுவிட்டார்கள். அவர்களும் சாரிடம் படித்தவர்கள்தான்.

"உட்காரு பியூலா" என்றார் சார்.

படுக்க வைத்துப் பார்த்தார்கள், நிற்க வைத்துப் பார்த்தார்கள். நின்றால் பிரஷர் எண்பத்தாறுதான் இருந்தது. கையில் ஊசி குத்தித் தண்ணீர் ஏற்றினார்கள். ரத்தம் எடுத்து உப்பு எவ்வளவு என்று பார்த்தார்கள். அப்புறம் கேள்வி. மாத்திரை எப்போது தொடங்கியது? ஜனவரி ஆறு. இருமல் எப்போது? எனக்கு ஞாபகமில்லை. எப்போது நின்றது? ஞாபகமில்லை. டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அப்போது சார் நோட்டை நீட்டினார்.

டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் படித்தார்கள். பிப்ரவரி நடுவில் பதினோரு இருமல், மார்ச்சில் முப்பது, ஏப்ரல் ஏழில் ஒன்பது, பன்னிரண்டில் ஒன்றுமில்லை. "சார், இவ்வளவு தெளிவா எந்த நோயாளியும் எழுதிக் கொண்டுவந்ததில்லை" என்றார்கள். "இது அந்த மாத்திரையால வந்த இருமல்தான். நிறுத்தினா ஒண்ணு ரெண்டு வாரத்துல போகும், சிலருக்கு ஒரு மாசம் ஆகும்."

"அப்போ இவரு கள்ளாட்டம் ஆடலியா?"

"இருமலுக்குக் காரணம் மாத்திரைதான் சார்."

"ஜாக்கி வரும்போது மட்டும் கூடுதே, அது ஏன்?"

"அது எங்க சிலபஸ்ல இல்ல சார்."

அதற்கப்புறம் என் பக்கம் திரும்பினார்கள். அந்தத் திட்டை முழுதாகச் சொன்னால் உங்கள் டோக்கன் வந்துவிடும். இருமல் வந்த உடனே வந்து சொல்லியிருந்தால் அன்றைக்கே வேறு மாத்திரை மாற்றியிருப்பார்களாம். அதுதான் அந்த நாலாவது விஷயமாம், ஏதாவது தொந்தரவு என்றால் வந்து சொல்ல வேண்டும் என்பது. ஒரு ஸ்கூட்டருக்காகப் போனது பாருங்கள். நானாக நிறுத்தியதில் பிரஷர் ஏறி மூளையில் நரம்பு வெடித்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டார்கள். என்ன செய்திருப்பேன்? ஒன்றும் செய்திருக்க முடியாது. "அவருக்கு எழுதின மாத்திரை அவருக்கு, உங்களுக்கு எழுதினது உங்களுக்கு. இது என்ன வெத்தலப்பெட்டியா, மாத்தி மாத்திப் போட?" என்றார்கள். இருமல் மருந்துப் பாட்டிலைப் பற்றிச் சொன்னபோது சாரே தலையில் கை வைத்துக்கொண்டார். மாத்திரையால் பிரஷர் குறைந்தாலும் அது மாத்திரையால் குறைந்த பிரஷர்தானாம். கடையில் எது வாங்கினாலும், வலி மாத்திரை வாங்கினால்கூட, பிரஷர் உண்டு என்று சொல்ல வேண்டுமாம்.

குரோட்டன்ஸ் தொட்டியில் பதினொன்று இருக்கிறது, அதைச் சேர்த்துப் போட்டு ஈடு கட்டிவிடலாமா என்று கேட்டேன். ஏசுவடியான் வாசலிலிருந்து, "கழுவிட்டுப் போடும்" என்றார். டாக்டரம்மா இரண்டு பேரையும் பார்த்த பார்வை! விட்டது விட்டதுதான். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது. இதை மட்டும் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எழுந்திருக்கும்போது மெதுவாக எழுந்திருங்கள். முதலில் உட்கார்ந்து, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் நிற்க வேண்டும்.

புது மாத்திரை கொடுத்தார்கள். இப்போது நூற்று முப்பதுக்கு எண்பத்து நாலு. தொண்டை சுத்தம். ஞானசிகாமணி சார் குழுவைக் கூட்டி, மாதேவன் மேல் சொன்ன குற்றச்சாட்டை வாபஸ் வாங்கினார். எழுதி வாசித்தார், எழுத்துப்பிழை இல்லாமல். என் பெயர் மன்றத்தில் நிலைத்தது. கோப்பை போனால் போகட்டும், நாற்காலி தப்பியது.

ஆனால் மே மாதத்திலிருந்து நாங்கள் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. நல்ல சீட்டு வராமல் இல்லை. வந்தது. ஒருநாள் மூன்று ஜாக்கி வந்தது. ஏசுவடியான் ஏலம் கேட்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பஸ்சுக்குக் காத்திருக்கிற மாதிரி. கடைசியில் பாஸ் சொல்லிவிட்டார். வயதாகிறதல்லவா, அவருக்குத் திறமை குறைந்துவிட்டது. நான் பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலையில் அவர் தனியாக இங்கே வந்து டாக்டரம்மாவைப் பார்த்திருக்கிறார். டாக்டரம்மாதான் என்னிடம் சொன்னார்கள். "மாதேவனுக்கு அந்தப் பழைய மாத்திரையே எழுதக் கூடாதா? புது மாத்திரையில ஆளுக்கு ஒரு கலகலப்பே இல்ல" என்று கேட்டாராம். டாக்டரம்மா முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என் உடம்பின் மேல் இவ்வளவு கரிசனம் என் சொந்தத் தம்பிக்குக் கிடையாது.

பதினாலு கூப்பிடுகிறார்கள், நான் போகிறேன். மெதுவாக எழுந்திருக்கிறேன், பாருங்கள்.

ஆகஸ்ட் பதினேழாம் தேதி ஏசுவடியான் கூட்டாளியை மாற்றிக்கொண்டார். இப்போது அவருக்கு எதிரே உட்காருவது செயலாளர் கோலப்பன். கோலப்பனுக்கு ஆஸ்துமா.